வீணை பாலசந்தரின் இடது கை

கொல்லிமலைக்குப் பஸ்ஸில் போனவர்களுக்குத் தெரியும். அடிவாரத்தில் காரவள்ளி. அங்கிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். பத்தாவது வளைவில் பேச்சு நின்றுவிடும். முப்பதாவது வளைவில் பாதிப் பேருக்குத் தலை சுற்றும். மேலே போய் இறங்கியதும் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். பட்ட பாடெல்லாம் மறந்து போகும்.

செம்மேட்டில் வல்வில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. கடையேழு வள்ளல்களில் ஒருவன் ஓரி. இந்த மலையை ஆண்டவன். ஒரே அம்பால் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தினான் என்று சங்கப் பாட்டு சொல்கிறது. யாழ் மீட்டிப் பாடிய பாணர்களுக்கு அவன் வாரி வாரிக் கொடுத்தான்.

போன முறை அங்கே போயிருந்தபோது, ஒரு டீக்கடைப் பெஞ்சில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். பதினாலு வயது இருக்கும். மடியில் கிட்டார். வலது கை ஜோராகத் தட்டுகிறது. ஆனால் வந்த சத்தமோ தகரத்தைச் சுரண்டுவது போல இருந்தது. இடது கையைக் காட்டச் சொன்னேன். விரல் நுனிகள் சிவந்து, தந்தி அழுந்திய கோடுகள் தெரிந்தன. வாத்தியார் யாரும் இல்லையாம். எப்படிப் பிடித்தாலும் வலிக்கிறதாம். விட்டுவிடலாமா என்று யோசிக்கிறானாம்.

வீணை பாலசந்தர் என்று கேள்விப்பட்டிருக்கிறாயா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினான்.

அவனுக்குச் சொன்ன கதைதான் இது.

பலாவும் மெழுகும்

கொல்லிமலை என்றால் பலாப்பழம். கொல்லிமலை என்றால் தேன். வீணைக்கும் இந்த இரண்டோடு உறவு உண்டு. தஞ்சாவூர் வீணையைப் பலா மரத்தில்தான் செய்கிறார்கள். வீணையின் கழுத்துக்குத் தண்டி என்று பெயர். அதன்மேல் தேன்மெழுகில் கரி சேர்த்துப் பூசி, அந்த மெழுகில் உலோகக் கம்பிகளைக் குறுக்கே வரிசையாகப் பதிக்கிறார்கள். இந்தக் கம்பிகளுக்கு மெட்டு என்று பெயர். சினிமாப் பாட்டு மெட்டு வேறு, இது வேறு! மொத்தம் 24 மெட்டுகள். அவற்றின்மேல் நான்கு வாசிப்புத் தந்திகள் ஓடுகின்றன. தாளம் போடப் பக்கத்தில் மூன்று தந்திகள்.

வலது கை தந்தியை மீட்டும். இடது கை விரல் மெட்டின்மேல் தந்தியை அழுத்தும். எந்த மெட்டில் அழுத்துகிறோமோ அந்த மெட்டின் சுரம் பேசும். கிட்டாரிலும் இதேதான். இடம் மாற மாறச் சுரம் மாறும்.

இதோடு முடிந்தால் வீணைக்கும் ஹார்மோனியத்துக்கும் அதிக வித்தியாசம் இருக்காது. நம்முடைய சங்கீதத்தில் சுரம் கல் மாதிரி நிற்பதில்லை. அசையும், வளையும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும். இதற்குக் கமகம் என்று பெயர். பாடகர் தொண்டையால் செய்கிற இந்த வேலையை வீணையில் இடது கைதான் செய்ய வேண்டும்.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, விரலைத் தந்தியின்மேல் ஒரு மெட்டிலிருந்து அடுத்த மெட்டுக்கு வழுக்கிக்கொண்டு போவது. இன்னொன்று, ஒரே மெட்டில் விரலை வைத்துக்கொண்டு தந்தியைப் பக்கவாட்டில் இழுப்பது. இழுத்தால் தந்தி விறைக்கும். விறைத்தால் சுரம் மேலே ஏறும். கொடியில் துணி காயப்போடும் கயிற்றைத் தட்டிப் பாருங்கள். தொய்வாக இருந்தால் ஒரு சத்தம், இறுக்கிக் கட்டினால் ஒரு சத்தம். அதே கணக்குத்தான்.

வழுக்கும்போது மெட்டு வழிகாட்டும். இழுக்கும்போது வழிகாட்ட எதுவும் இல்லை. எவ்வளவு இழுத்தால் எந்தச் சுரம் வரும் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். மயிரிழை கூடினாலும் அபசுரம். மயிரிழை குறைந்தாலும் அபசுரம்.

இந்த இழுப்பில்தான் பாலசந்தர் பெயர் எடுத்தார். அதைச் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஒரு குரு கூட இல்லை!

ராவணன் சபையில் ஒரு பொடியன்

1927-ம் ஆண்டு ஜனவரி 18-ந் தேதி பாலசந்தர் பிறந்தார். தந்தை சுந்தரம் அய்யர் சென்னை மயிலாப்பூரில் வக்கீல். வக்கீல் வீடு என்று பெயரே தவிர, அது சங்கீத வீடு. பாடகர்களும் வித்துவான்களும் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். பாபநாசம் சிவன் அந்த வீட்டுக்கு மிகவும் வேண்டியவர். பாலசந்தரின் அண்ணன் எஸ். ராஜம் சிவனிடம் பாட்டுக் கற்றவர். ராஜம் பெரிய ஓவியரும் ஆவார். தியாகராஜர், தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரும் சேர்ந்திருக்கும் படம் பல வீடுகளில் மாட்டியிருக்கிறதே, அதை வரைந்து பிரபலமாக்கியவர் அவர்தான்.

1934-ல் பிரபாத் கம்பெனியின் சீதா கல்யாணம் என்ற படம் வந்தது. அதில் ராமனாக நடித்தவர் ராஜம். சீதையாக நடித்தவர் அவருடைய சொந்தத் தங்கை ஜெயலட்சுமி! அண்ணனும் தங்கையும் ராமனும் சீதையுமாக நடிப்பதா என்று அந்தக் காலத்தில் ஊர் வாய் சும்மா இருக்கவில்லை. அதே படத்தில் ராவணன் சபையில் ஒரு சிறுவன் கஞ்சிரா வாசித்தான். அவன்தான் பாலசந்தர். அப்போது அவனுக்கு வயது ஏழுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ.

கஞ்சிராவை யார் சொல்லிக்கொடுத்தார்கள்? யாரும் இல்லை. வீட்டில் வாசிப்பதைக் கேட்டான். கை தானாகத் தட்டியது. பிறகு தபேலா. பிறகு மிருதங்கம், ஹார்மோனியம், தில்ரூபா, சிதார். கையில் கிடைத்த வாத்தியத்தை எல்லாம் தொட்டுப் பார்த்தான். அண்ணன் பாட, தம்பி வாசிக்க, ஊர் ஊராகக் கச்சேரி நடந்தது. மீசை முளைக்கும் பருவத்திலேயே சென்னை வானொலி நிலையத்தில் வாத்தியக் கலைஞராகவும் வேலை பார்த்தார்.

சிதாரில் நல்ல கை. ஆனால் கர்நாடக சங்கீதத்தைச் சிதாரில் வாசிக்கும்போது மனம் நிறையவில்லை. நம் ராகங்களின் அசைவுக்கு ஏற்ற வாத்தியம் வீணைதான் என்ற முடிவுக்கு வந்தார்.

வீணை கஞ்சிரா மாதிரி இல்லை. அது பெரிய பரம்பரைகள் ஆண்ட வாத்தியம். வீணை தனம்மாள் 1938-ல் காலமான பிறகும் அவர் வாசிப்புத்தான் சென்னை ரசிகர்களுக்கு அளவுகோலாக இருந்தது. காரைக்குடியில் வழிவழியாக வீணை வாசித்த குடும்பத்தில் வந்த சாம்பசிவ அய்யர் அப்போது வீற்றிருந்தார். குருவின் காலடியில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து கற்பதுதான் முறை. அப்படிப்பட்ட வாத்தியத்தை ஒரு வாலிபன் தானே கற்றுக்கொள்கிறேன் என்று கிளம்பினால் பெரியவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்! நானாக இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

விரல் கற்ற பாடம்

குரு இல்லாதவனுக்கு ஒரு பெரிய கஷ்டம் உண்டு. தப்பைத் தப்பு என்று சொல்ல ஆள் கிடையாது. இடது கையில் இது இன்னும் மோசம். ஒரு கெட்ட பழக்கம் விரலில் ஏறிவிட்டால் இறக்குவது பாடு.

கொல்லிமலைப் பையன் செய்த தப்புகளைப் பார்த்தாலே இது விளங்கும். அவன் தந்தியை மெட்டுக்கு நடுவில் எங்கோ அழுத்தினான். அதனால்தான் கர்ரென்ற சத்தம். கிட்டாரில் மெட்டை ஒட்டி, அதற்குச் சற்றுப் பின்னால் அழுத்தினால் பாதி பலம் போதும். அவனோ முழு பலத்தையும் போட்டான். கட்டைவிரலால் கிட்டாரின் கழுத்தைத் தேங்காய் உரிக்கிறவன் மாதிரி பிடித்திருந்தான். கட்டைவிரல் பின்னால் சும்மா சாய்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். நகமும் வளர்ந்திருந்தது. நகம் நீண்டிருந்தால் விரல் நுனி தந்தியில் பதியாது. எடுத்த விரலை அவன் ஒரு சாண் உயரத்துக்குத் தூக்கினான். திரும்ப இறங்கி வருவதற்குள் தாளம் போய்விடுகிறது. விரல் தந்திக்கு அருகிலேயே நின்றால்தான் அடுத்த சுரத்துக்கு வழுக்கிப் போகலாம்.

வீணையில் இடது கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும்தான் முக்கிய வேலைக்காரர்கள். இரண்டும் ஒட்டிக்கொண்டு போகும். வேகமான இடத்தில் பிரிந்து தனித்தனியே வேலை செய்யும். தினம் பல மணி நேரம் உலோகத் தந்தியில் தேய்ந்தால் தோல் என்னாகும்? முதலில் சிவக்கும். பிறகு கன்றும். கடைசியில் கலப்பை பிடித்தவன் உள்ளங்கை மாதிரி காய்ப்பு ஏறும். காய்ப்பில் தந்தி ஓடி ஓடிப் பள்ளமே விழும். வழுக்கல் தடையில்லாமல் இருக்க வீணைக்காரர்கள் பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் எண்ணெய் வைத்துக்கொண்டு விரலில் தொட்டுக்கொள்வார்கள். கச்சேரியில் இதைப் பார்த்த குழந்தைகள், மாமா ஏன் சங்கீதத்துக்கு எண்ணெய் போடுகிறார் என்று கேட்பதுண்டு.

பாலசந்தருக்குக் குருவாக இருந்தது அவருடைய காதுதான். மனித குரல் ஒரு ராகத்தை எப்படி வளைக்கிறதோ, அப்படியே தந்தி வளைய வேண்டும். வளையும்வரை விடுவதில்லை. சிதாரிலும் தந்தியை இழுத்து வாசிப்பது உண்டு. அந்தப் பழக்கமும் கையில் இருந்தது.

வீணையில் ஒரு மெட்டிலிருந்து ஒன்றிரண்டு சுரம் இழுப்பதை எல்லோரும் செய்வார்கள். பாலசந்தர் ஒரே மெட்டில் நின்றபடி நாலைந்து சுரங்களை இழுத்துக் கொண்டுவந்தார். வலது கை ஒரு தடவைதான் மீட்டும். அந்த ஒரு மீட்டின் நாதம் தேய்ந்து மறைவதற்குள் இடது கை தந்தியை இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்து, ஒரு முழு வாக்கியத்தையே சொல்லிவிடும். கண்ணை மூடிக் கேட்டால் வீணை என்று தோன்றாது. யாரோ பாடுகிற மாதிரி இருக்கும்.

இதற்கு விலை உண்டு. இவ்வளவு தூரம் தந்தியை இழுத்தால் சுருதி கலையும். தந்தி அறுந்து போகலாம். விரல் படும் வேதனையைச் சொல்ல வேண்டியதே இல்லை.

பாட்டே இல்லாத படம்

வாழ்க்கை வேறு பக்கமும் இழுத்தது. சினிமா! ஆள் பார்க்க லட்சணமாக இருந்தார். ஆங்கிலப் படங்களை விரும்பிப் பார்ப்பவர். 1948-ல் இது நிஜமா படத்தில் நடித்து, இசையும் அமைத்தார். அதே ஆண்டில் என் கணவர் படத்தை டைரக்ட் செய்தார். அப்போது வயது 21. பிறகு கைதி, ராணி, பெண் என்று வரிசையாகப் படங்கள். சிலவற்றில் டைரக்டர், சிலவற்றில் கதாநாயகன்.

1954-ல் ஏவி.எம். தயாரிப்பில் அந்த நாள் வந்தது. டைரக்‌ஷன் பாலசந்தர். சிவாஜி கணேசனும் பண்டரிபாயும் நடித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் சென்னையில் ஜப்பானியர் குண்டு விழுந்த சமயத்தில் நடக்கும் கொலைக் கதை. கொன்றது யார் என்று ஆளுக்கொரு விதமாகச் சொல்வார்கள். அந்தப் படத்தில் ஒரு பாட்டுக்கூடக் கிடையாது. ஒரு நடனம்கூடக் கிடையாது! ஒரு படத்தில் பத்துப் பதினைந்து பாட்டு இருந்த காலம் அது. சங்கீதக்காரரே பாட்டில்லாமல் படம் எடுத்தார் என்பதுதான் வேடிக்கை. தேசிய விருதுகளில் அந்தப் படத்துக்கு நற்சான்றிதழ் கிடைத்தது.

1964-ல் பொம்மை படத்தை அவரே எடுத்து, நடித்து, இசையும் அமைத்தார். இன்று நாடறிந்த பாடகர் கே.ஜே. யேசுதாஸைத் தமிழ்ப் படத்தில் பாடவைத்தது அந்தப் படம்தான். படம் முடிந்ததும் திரைக்குப் பின்னால் உழைத்தவர்களை எல்லாம் ஒவ்வொருவராகத் திரையில் காட்டி அறிமுகம் செய்துவைத்தார். லைட்பாய் என்ன, டைரக்டர் என்ன, உழைப்பு உழைப்புத்தானே என்பது அவர் எண்ணம் போலும்.

பணமும் பெயரும் சினிமாவில் இருந்தன. ஆனால் வீணை சக்களத்தியைப் பொறுக்காத வாத்தியம். நாலு நாள் தொடாமல் இருந்தால் விரல் காய்ப்பு மெலிந்துவிடும். ஐந்தாம் நாள் தந்தி கத்தி மாதிரி அறுக்கும். படப்பிடிப்பு இருக்கிறது, விரலே கொஞ்சம் பொறுத்துக்கொள் என்றால் அது கேட்குமா?

1970-ல் நடு இரவில் வெளிவந்தது. அதோடு சினிமாவை விட்டார். வீணையே கதி என்று ஆனார். பெயருக்கு முன்னாலும் வீணை சேர்ந்துகொண்டது. எஸ். பாலசந்தர் என்றால் யாரோ என்று கேட்பவர்கள், வீணை பாலசந்தர் என்றால் உடனே தெரிந்துகொண்டார்கள்.

சண்டைக்காரர்

அவருடைய வீணை கடல் கடந்தும் போனது. வெளிநாடுகளில் கச்சேரிகள் நடந்தன. அமெரிக்காவில் இசைத்தட்டுகள் வெளிவந்தன. நம் சங்கீதத்தில் தாய் ராகங்கள் 72. மேளகர்த்தா என்று அவற்றைச் சொல்வார்கள். அவற்றில் பல ராகங்களைக் கச்சேரியில் யாரும் தொடுவதே இல்லை. பாலசந்தர் 72 ராகங்களையும் விடாமல் வீணையில் வாசித்து இசைத்தட்டுகளாகப் பதிவு செய்தார். அவற்றில் வேறு யாராவது வீணையில் வாசித்துக் கேட்டிராத ராகங்களும் உண்டு. அங்கெல்லாம் அந்தக் கை தானே வழி கண்டுபிடித்துப் போயிருக்கிறது. 1982-ல் மத்திய அரசு பத்மபூஷண் விருது கொடுத்தது.

எல்லோரும் புகழ்ந்தார்கள் என்று சொன்னால் பொய். வீணையை இப்படியா இழுப்பது, இது சிதார் பாணி, சம்பிரதாயம் இல்லை என்று குறை சொன்னவர்கள் இருந்தார்கள். அடக்கமாக, மெதுவாக, வீட்டுக்கூடத்தில் பத்துப் பேர் கேட்கும்படி வாசிப்பதே வீணைக்கு அழகு என்று நினைத்தவர்களுக்கு அவருடைய வாசிப்பு பிடிக்கவில்லை. அந்தக் குறையில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பழைய பாணியின் மென்மை ஒரு தனி ருசி. இவருடையது வேறு ருசி.

அவரும் சும்மா இருக்கிற ஆள் இல்லை. மனத்தில் பட்டதைச் சபையில் சொல்லிவிடுவார். புதிய ராகங்களை உண்டாக்கினேன் என்று பாலமுரளிகிருஷ்ணா சொன்னபோது அதை எதிர்த்துப் பெரிய வாதம் செய்தார். திருவிதாங்கூர் மகாராஜா சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் கீர்த்தனங்கள் உண்மையில் அவர் இயற்றியவைதானா என்று கேள்வி எழுப்பி இன்னொரு புயலைக் கிளப்பினார். பத்திரிகைகளில் அது பல நாள் ஓடியது. நண்பர்கள் சிலர் விலகிப்போனார்கள். குருவிடம் கைகட்டி நின்று வளர்ந்திருந்தால் இந்தப் பிடிவாதம் கொஞ்சம் குறைந்திருக்குமோ? குறைந்திருந்தால் அந்த இழுப்பும் வந்திருக்காதோ? எனக்குத் தெரியவில்லை. கையை வளைத்தவருக்கு நாக்கை வளைக்க வரவில்லை என்று மட்டும் தோன்றுகிறது.

1990-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் கச்சேரிக்காகப் பிலாய் போயிருந்தார். இரும்பு ஆலை இருக்கிற ஊர். சென்னையிலிருந்து வெகு தூரம். அங்கே மாரடைப்பு வந்தது. போன ஊரிலேயே காலமானார். வயது 63.

கதையை முடித்தபோது பஸ் ஹாரன் அடித்தது. பையன் ஒன்றும் சொல்லவில்லை. டீக்கடைக்காரரிடம் பிளேடு இருக்கிறதா என்று கேட்டு வாங்கி, இடது கை நகங்களை வெட்டிக்கொண்டிருந்தான். நான் பஸ் ஏறினேன். இறங்கும்போதும் அதே எழுபது வளைவுகள்.